ஓங்காளிக்காத மனுசன்

எதைக் கண்டும் முகம் சுளிக்காத மனுசன் என்று இந்த எழுபத்திரண்டு வயதுக்குள் நான் ஒருத்தரைத்தான் கண்டிருக்கிறேன். அவர் மௌத்தாகி வருசங்கள் ஆகிவிட்டன. பேரை எழுத மாட்டேன். அவரும் தான் கீறின படங்களுக்குக் கீழே யாருடைய பேரையும் எழுதாதவர். அந்த ஒரு மரியாதையைத் திருப்பிக் கொடுக்கிறேன். வேறு மரியாதை கொடுக்க என்னிடம் இல்லை.

மதுரங்குளிச் சந்தியிலிருந்து கொஞ்சம் தள்ளி, றோட்டோரத்தில் ஒரு தகரக் கொட்டில் வைத்திருந்தார். பெயின்டர் என்றுதான் ஊர் கூப்பிடும். கடைகளுக்குப் போர்ட் எழுதுவார், லொறிகளின் பின்பலகையில் மாஷா அல்லாஹ் எழுதுவார், கலியாணப் பைகளில் மாப்பிள்ளை பொம்பிளை பேரை அச்சடித்துக் கொடுப்பார். மரச்சட்டத்தில் மெல்லிய நெட் துணியை இழுத்துக் கட்டி, அதில் மையை ஊற்றி, றப்பர் பலகையால் ஒரு இழுப்பு இழுத்தால் கீழே கடதாசியில் படம் விழும். அது அவர்ர தொழில். தொழிலில் ஒரு பிழை சொல்ல ஏலாது.

பிழை ஆளில் இருந்தது. தூரிகையை நாக்கில் வைத்துத்தான் கூர் பிடிப்பார். சிவப்பு எழுதின நாளில் வெற்றிலை போட்டவர் மாதிரி வாய் இருக்கும். பச்சை எழுதின நாளில் அந்த வாயைப் பார்க்கவே முடியாது. "நஞ்சில்லையா பெயின்டர்" என்று நான் கேட்டால், "அது என்னோட பழகிட்டுது ஹாஜியார்" என்பார். தேத்தண்ணிக்குள் ஈ விழுந்தால் நாங்கள் கோப்பையோடு கவிழ்ப்போம். அவர் விரலால் ஈயைத் தூக்கி மேசையில் வைப்பார். அது காலை உதறி இறகைக் காயவைக்கும்வரை பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு மிச்சத் தேத்தண்ணியைக் குடிப்பார்.

புத்தளம் றோட்டில் லொறி அடித்த ஒரு நாய் மூன்று நாள் கிடந்து ஊதிப்போயிருந்தது. சனம் மூக்கைப் பொத்திக்கொண்டு மறுபக்கத்தால் போனது. இவர் அதற்குப் பக்கத்தில் குந்தியிருந்து, சிமென்ட் பைக் கடதாசியில் அதைக் கீறிக்கொண்டிருந்தார். கையிலும் காதிலும் இலையான் மொய்த்தது. நான் வாகனத்தை நிறுத்திக் கேட்டேன்.

"என்னத்துக்கு இது?"

"பல்லு வெளியால வந்து சிரிக்கிற மாதிரி இரிக்கி, பாருங்க. எங்கயாவது ஒரு மந்திரிக்கு இந்தச் சிரிப்பு தேவைப்படும்."

அடுத்த வருசம் அந்தச் சிரிப்பை ஒரு பிரதேச சபைத் தவிசாளரின் வாயில் கண்டேன். நோட்டீஸில் வாய் அவருடைய வாய்தான். பல்லு நாயுடையது. பார்த்த எல்லாரும் சிரித்தார்கள். அந்த மனுசன் அதற்குப் பிறகு மேடையில் சிரிப்பதையே விட்டுவிட்டார்.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நான் என்னவோ பஞ்சுமெத்தையில் பிறந்து மூக்கைப் பொத்துகிறேன் என்று நினைப்பீர்கள். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. கற்பிட்டிப் பக்கம் கருவாடு காயவைக்கிற வாடியில் கூடை சுமந்து தொடங்கினவன். மீன் குடலும் புழுவும் என் காலுக்கு வழமை. கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் நான் போய் இருந்ததும், பக்கத்துக் கதிரைக்காரன் பிளேட்டைத் தூக்கிக்கொண்டு எழும்பிப் போனான். அந்தக் கொழும்புக்கே பிறகு நான் லொறி லொறியாகக் கருவாடு ஏற்றினேன். எனக்கு வாடி நான்கு, லொறி மூன்று, தென்னந்தோட்டம், ரெண்டு தரம் ஹஜ். எவனும் எனக்குக் கை கொடுத்துத் தூக்கிவிடவில்லை. அப்படிப்பட்ட என் வயிற்றையே இவர் புரட்டினார் என்றால் யோசித்துப் பாருங்கள். என் வாடிக்குப் போர்ட் எழுத வந்தவர், குடல் அழுகிற பீப்பாவுக்குப் பக்கத்தில் இருந்து மீன் வைத்த மாலுபாண் தின்றார். சரக்குப் பார்க்க வந்த ரெண்டு பேர் வேலியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார்கள். இவர் அவர்களையும் தின்றுகொண்டே பார்த்தார், கன்னம் எப்படி உள்வாங்குது, கண் எப்படிப் பிதுங்குது என்று.

அன்றைக்கு அவர் சொன்னதை நான் மறக்கவில்லை. "சிரிச்சதைச் சனம் மறந்திரும் ஹாஜியார். ஓங்காளிச்சதை மறக்காது."

அவரிடம் ஒரு வெள்ளைக்காரப் புத்தகம் இருந்தது. சிலாபத்தில் பழைய கடதாசி நிறுத்து விற்கிற இடத்தில், ஏதோ எஸ்டேட் பங்களாவைக் காலி பண்ணின கட்டுக்குள் கிடைத்ததாம். அட்டை இல்லை, முன்பக்கத்தைக் கறையான் தின்றிருந்தது. உள்ளே முழுக்கப் படம். இங்கிலாந்தில் இருநூறு வருசத்துக்கும் முந்தி, செம்புத் தகட்டில் ஊசியால் கீறி, மை பூசி, கடதாசியில் அழுத்தி எடுத்து, கையால் வர்ணம் தீட்டின கேலிப் படங்கள். நான் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. ஒரு ராசா, வயிறு பூசணிக்காய், வாயில் ஒரு முழுப் பட்டணத்தைத் திணித்துக்கொண்டு நிற்கிறார். ஒரு பிரபு குனிந்து பின்பக்கத்தால் விட்ட காற்றில் எதிர்க்கட்சிக்காரர்களின் தொப்பிகள் பறக்கின்றன. ஒரு மந்திரி, கட்டிலுக்குக் கீழே வைக்கிற மூத்திரச் சட்டியில் குந்தியிருக்க, சுற்றி நின்று சின்னப் பிரபுக்கள் கும்பிடுகிறார்கள். பட்டுச் சட்டை, பொய்முடி, முத்துப்பொத்தான் எல்லாம் நுணுக்கமாக இருக்கும். அதன் நடுவில் இந்த அசிங்கம்.

"படிச்ச சாதி இப்படியா கீறினது?" என்று கேட்டேன்.

"படிச்சவங்கதான் காசு குடுத்து வாங்கினாங்களாம். மாஸ்டர் சொன்னாரு."

மாஸ்டர் யார் என்று இப்போது சொல்கிறேன். யுத்தகாலத்தில் வடக்கிலிருந்து துரத்தப்பட்டு வந்த முஸ்லிம் சனத்தில் ஒருத்தர். அங்கே பள்ளிக்கூடத்தில் இங்கிலீஸ் படிப்பித்தவர். எங்கட ஊரெல்லையில் கிடுகுக் கொட்டிலில் இருந்து, பிறகு கல்வீடு கட்டினவர். கொக்கு மாதிரி நீளக் கழுத்து, கண்ணாடியை நூலில் கட்டித் தொங்கவிட்டிருப்பார். ஊரில் எவருக்கும் அரசாங்கக் கச்சேரிக் கடிதம் வந்தால் வாசிப்பிக்க அவரிடம்தான் போவார்கள். நானும் போயிருக்கிறேன். பெயின்டருக்கு இங்கிலீஸ் ஒரு எழுத்துத் தெரியாது. புத்தகத்தில் படத்துக்குக் கீழே இருந்ததையெல்லாம் ஒவ்வொரு பின்னேரமும் அந்தத் தகரக் கொட்டிலில் இருந்து வாசித்து விளக்கினவர் மாஸ்டர்தான்.

ஒருநாள் நானும் அங்கே இருந்தேன். மாஸ்டர் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு சொன்னார்.

"இந்தப் படங்களைக் கடைக் கண்ணாடிக்குள்ள தொங்க விடுவாங்களாம். சனம் றோட்டை அடைச்சி நிண்டு பார்த்துச் சிரிக்குமாம். ராசாவுக்கு எதிரா எழுதினாத்தான் புடிச்சி மறியல்ல போடுவாங்களாம். படத்துக்கு வழக்குப் போடுறதெண்டா, இந்தச் சட்டியில குந்தியிரிக்கிறது நான்தான் எண்டு அந்த மந்திரி கோட்டில வந்து சொல்லணும். எவன் சொல்லுவான்?"

பெயின்டர் தலையாட்டினார். "அதுதான் நான் பேர் எழுதுறல்ல."

"பேர் எழுதாட்டியும் ஆளைத் தெரியுமே."

"தெரியணும் மாஸ்டர். தெரியாட்டி என்னத்துக்குக் கீறுற?"

ரெண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இனி என் உம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் வாப்பா கடலுக்குப் போய்த் திரும்பி வராதவர். உம்மா வீடுவீடாக மா இடித்து எங்களை வளர்த்தா. வருசம் பூரா வயிறு காய்ந்த வீட்டுக்கு நோன்பு மாசம்தான் பெருநாள், ஏனென்றால் அந்த மாசம் பள்ளிவாசலில் கஞ்சி. பின்னேரம் அஸர் தொழுகை முடிந்ததும் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் பாத்திரம் வரும். நான் ஒரு மாமைட் போத்தலுக்குக் கயிறு கட்டிக்கொண்டு வரிசையில் நிற்பேன். போத்தல் சின்னது என்று கஞ்சி ஊற்றுகிறவர் ரெண்டாம் தரம் கூப்பிட்டு ஊற்றுவார். அந்தக் கஞ்சியில் வந்த உடம்பு இது.

நான் காசு கண்டதும் முதல் செய்த வேலை வீடு கட்டினதில்லை. பள்ளிக்குக் கஞ்சி காய்ச்சச் செம்பில் ஒரு கிடாரம் வாங்கிக் கொடுத்தேன். நாலு பேர் தூக்க வேண்டிய கிடாரம். விளிம்பில் என் உம்மாட பேரை ரெண்டு விரல் உயரத்துக்கு வெட்டுவித்தேன். ஆசியா உம்மா. உம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. ஒரு நாள் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தடவிப் பார்த்துவிட்டு, "இதில ஊர் முழுக்கக் குடிக்குமா மகன்" என்று கேட்டா. "குடிக்கும் உம்மா" என்றேன். அவ ஒரு பதினேழாம் நோன்பில் மௌத்தானா. அதிலிருந்து எங்கட பள்ளியில் பதினேழாம் நோன்புக் கஞ்சிச் செலவு என்னுடையது. அந்த ஒரு பின்னேரம் அகப்பையை வேறு யாருக்கும் கொடுக்க மாட்டேன். ஊரின் வாய்க்கு என் உம்மாட பேரில் நான் ஊற்ற வேண்டும். வேறு எதை இழந்தாலும் அதை இழக்க எனக்கு மனமில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

யுத்தம் முடிந்து கொஞ்ச வருசத்தில் பிரதேச சபைத் தேர்தல் வந்தது. நான் வோட்டுக் கேட்டேன். கேட்காமல் விடுவேனா? வெல்வது முடிந்த விசயம் என்றிருந்தபோது மாஸ்டர் எதிர்த்துக் கேட்டார். துரத்தப்பட்டு வந்த சனம் முழுக்க அவருக்குப் பின்னால். யுத்தம் முடிந்தும் பாதிப்பேர் திரும்பிப் போகவில்லை, வோட்டு இங்கே பதிந்திருந்தார்கள். எங்கட ஊர்ச் சனத்திலும் கடிதம் வாசிப்பித்தவர்கள் அவர் பக்கம் சாய்ந்தார்கள். மேடையில் அவர் பேசினால் ஆற்றுத் தண்ணி மாதிரி ஓடும். நான் பேசினால் என் ஆட்களே பீடி பற்றவைக்கப் போவார்கள். வந்த சனத்துக்கு ஆசனமா என்று நான் மேடையில் சொன்னேன். இன்றைக்கு வெட்கமாக இருக்கிறது. அன்றைக்குக் கைதட்டினார்கள்.

நான் பெயின்டரிடம் போனேன்.

"மாஸ்டரைக் கீறணும்" என்றேன்.

தூரிகையை நாக்கில் வைத்துக்கொண்டே பார்த்தார். கூட்டாளி என்றோ, தன் புத்தகத்தை வாசித்துக் காட்டினவர் என்றோ ஒரு சொல் அவர் வாயில் வரவில்லை. "சிரிப்பா? ஓங்காளமா?" என்று மட்டும் கேட்டார், கொத்துரொட்டிக்குக் கோழியா மாடா என்று கேட்கிற மாதிரி.

"சிரிச்சா மறந்திருவாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க."

"அப்ப ரெண்டு நாள் தாங்க."

மூன்றாம் நாள் போனேன். படம் காய்ந்துகொண்டிருந்தது. புத்தகத்தில் இருந்த அந்த மந்திரிதான், ஆனால் பொய்முடி இல்லை, நீளக் கழுத்தும் நூல் கட்டின கண்ணாடியும். மூத்திரச் சட்டிக்குப் பதிலாகப் பள்ளிக் கஞ்சிக் கிடாரம். அடியில் விறகு எரிகிறது. மாஸ்டர் சாரத்தைத் தூக்கிக்கொண்டு கிடாரத்தின் விளிம்பில் குந்தி முக்குகிறார். கையில் அகதி நிவாரணக் கூப்பன். சுற்றிவர இலையான். கீழே எங்கட சனம் வாளியும் டின்னும் ஏந்தி, நாக்கை நீட்டிக்கொண்டு வரிசையில் நிற்கிறது. முகத்தில் மட்டும் கையால் சிவப்புத் தீட்டியிருந்தார், முக்குகிற சிவப்பு.

"பள்ளிக் கிடாரமாச்சே, பெயின்டர்" என்றேன்.

"அதுக்குத்தான்."

திரும்பவும் பார்த்தேன். முக்குகிற அந்த முகம், கடிதம் வாசிக்கும்போது மாஸ்டர் என்னைப் பார்க்கிற முகமாகவே இருந்தது. அந்த முகத்தை இப்படிக் காண எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்திருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. மூன்றாந்தரம் பார்த்தபோது சிரித்தேன். கண்ணில் தண்ணி வர, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். "அடிங்க" என்றேன்.

விடிந்தபோது மதில், தென்னைமரம், பஸ் நிற்கிற இடம், மீன் சந்தை, எங்கும் அந்தப் படம். பேர் இல்லை, அச்சடித்தவர் விலாசம் இல்லை. சனம் நின்று பார்த்தது. சிரித்தது, காறித் துப்பியது, திரும்பவும் பார்த்தது. மாஸ்டர் பொலிசுக்குப் போகவில்லை. எப்படிப் போவார்? இதில் குந்தியிருப்பது நான்தான் என்று அவர் வாயாலல்லவா சொல்ல வேண்டும். மௌலவி வெள்ளிக்கிழமை ஜும்ஆப் பிரசங்கத்தில் உருவம் கீறுவது கூடாது என்று பொதுவாகச் சொன்னார். எந்தப் படம் என்று சொல்லவில்லை. சொன்னால் மிம்பர் மேடையில் நின்று சிரித்துவிடுவோம் என்று பயந்திருப்பார்.

நான் வென்றேன். வெடி கொளுத்தினார்கள், மாலை போட்டார்கள். சபை மெம்பரையும் எங்கட ஊரில் மந்திரி என்றுதான் சொல்வார்கள், நானும் மந்திரி ஆனேன்.

சில கிழமையில் நோன்பு வந்தது.

முதலாம் நோன்பில் கஞ்சி வரிசையில் ஒருத்தன் அடுத்தவனிடம் கேட்டான், "மாஸ்டர் எழும்பிட்டாரா, இன்னும் இரிக்காரா?" வரிசை முழுக்கச் சிரித்தது. சிரித்தவர்கள் பாத்திரத்தை நிரப்பிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். வீட்டில் பொம்பிளைகள் குடிக்கவில்லை. படத்தைக் கண்ட கண்ணால் இந்தக் கஞ்சியைப் பார்க்க ஏலாது என்றார்களாம். ரெண்டாம் நோன்பில் பாத்திரம் குறைந்தது. ஒவ்வொரு வீட்டிலும் தனியாகக் கஞ்சி காய்ச்சத் தொடங்கினார்கள். பள்ளியில் நோன்பு திறக்கிற ஆம்பிளைகள் பேரீச்சம்பழமும் தண்ணியும் போதும் என்றார்கள். எல்லாரும் ஒரே சாட்டு, வயிறு சரியில்லை.

ஒன்பதாம் நோன்புக் கஞ்சி வருசாவருசம் மாஸ்டருடையது. அன்றைக்கு ஒரு பாத்திரமும் வரவில்லை. அவருடைய சனமே வரவில்லை. அவர்களுக்கும் கண் இருக்கிறதே. நான் பார்க்கத்தான் போனேன். பொய் சொல்ல மாட்டேன், உள்ளுக்குள் கொஞ்சம் இனித்தது. மாஸ்டர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, ஆறின கஞ்சியை வாளி வாளியாக அள்ளி, பள்ளிக்குப் பின்னால் தென்னைக் குழியில் ஊற்றிக்கொண்டிருந்தார். காகங்கள் கூடிவிட்டன. நான் ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "என்ன மாஸ்டர், இவ்வளவு மிஞ்சிட்டுதா" என்றேன்.

அவர் நிமிர்ந்து கண்ணாடியை மூக்கில் ஏற்றினார். கோபம் இல்லை. கச்சேரிக் கடிதத்தைப் பிழையாக நிரப்பிக்கொண்டு வந்தவனைப் பார்க்கிற பார்வை.

"மொதலாளி, அந்தப் படத்தை முழுசாப் பாத்தீங்களா?"

"பாக்காம என்ன?"

"வாசிச்சீங்களா?"

படத்தில் வாசிக்க என்ன இருக்கிறது என்று கேட்டேன். அவர் வாளியை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டார்.

வீட்டுக்குப் போய் அலுமாரியைத் திறந்தேன். வெற்றிக்கு ஞாபகமாக ஒரு நோட்டீஸ் மடித்து வைத்திருந்தேன். சன்னல் வெளிச்சத்தில் விரித்தேன். குந்தியிருக்கிற காலுக்குக் கீழே, கிடாரத்தின் விளிம்பில், கோடு கோடாக என்னவோ இருந்தது. பூவேலை என்று நினைத்திருந்தேன். நான் வாசிப்பது விரல் வைத்துத்தான். விரலை வைத்தேன். ஆ. பிறகு சி. பிறகு யா. அதற்கு மேல் விரல் நகரவில்லை. நகரத் தேவையும் இல்லை, மிச்சத்தைச் சாரத்தின் கீழிருந்து வழிந்தது மூடியிருந்தது.

கிடாரத்தைச் சுற்றி ஆயிரம் தடவை அந்தப் பேரைத் தடவியிருக்கிறேன். இந்தப் படத்தை மூன்று தரம் பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை. ஊரில் வாசிக்கத் தெரிந்த ஒவ்வொருத்தனுக்கும் முதல் நாளே தெரிந்திருக்கிறது. ஒருத்தனும் சொல்லவில்லை. எனக்கு முன்னால் வந்து எவன் சொல்லுவான்? நான் பெரிய மனுசன்.

கொட்டிலுக்குப் போனேன். பெருநாள் வாழ்த்து அச்சடித்துக்கொண்டிருந்தார்.

"என்ட உம்மாட பேரை ஏன் போட்டாய்?"

"கிடாரத்தில இரிக்கி, ஹாஜியார். இருக்கிறதக் கீறினேன்."

"ஒருத்தர் பேரும் எழுத மாட்டேன்னு சொன்னாயே."

"படத்துக்குக் கீழ எழுத மாட்டேன். இது கிடாரத்தில உள்ள பேர்." றப்பர் பலகையை ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, எனக்குத் தொழில் விளங்காது என்று பொறுமையாகச் சொன்னார். "பேர் இல்லாட்டி அது எந்த ஊர்க் கிடாரமும்தான். தாங்கள் குடிக்கிற கிடாரம்னு தெரிஞ்சாத்தானே சனத்துக்கு ஓங்காளிக்கும்."

கையை ஓங்கினேன். அவர் விலகவில்லை. ஓங்கின கையைப் பார்த்தார், விரலைப் பார்த்தார், முழங்கை எப்படி மடிகிறது என்று பார்த்தார். "நீங்க ரெண்டு தரம் பார்த்தீங்க. மூணாந்தரம் சிரிச்சீங்க" என்றார். அடிக்க முடியவில்லை. அவரைத் தொடவே எனக்கு அருவருப்பாக இருந்தது.

பதினேழாம் நோன்பு வந்தது. வழமையை விட ரெண்டு மடங்கு இறைச்சி போட்டேன். தேங்காய்ப்பால், கறுவாப்பட்டை, ரம்பை இலை, எல்லாம் என் கையால். அந்தக் கிடாரத்தை விட்டுவிட்டு வேறு சட்டியில் காய்ச்சுவோம் என்று பள்ளி நிர்வாகத்தார் சொன்னார்கள். "என்ட உம்மாட கிடாரம். அதிலதான்" என்றேன். புளியும் சாம்பலும் போட்டு, பொன் மாதிரி ஆகும்வரை நானே தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்கப் பேர் பளிச்சென்று தெரிந்தது. அஸருக்குப் பிறகு ஒலிபெருக்கியில் அறிவிப்பித்தேன். அகப்பையைப் பிடித்துக்கொண்டு கஞ்சிக் கொட்டிலில் நின்றேன்.

ஒரு பாத்திரமும் வரவில்லை. பள்ளி வாசலால் ஆட்கள் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனார்கள். பாங்கு சொல்கிற மோதினார் வந்து, "வயித்தில ஒரு மாதிரி, ஹாஜியார், மன்னிச்சிக்கங்க" என்றார். நான் வோட்டுக் கேட்டபோது தோளில் தூக்கினவர்கள், லொறியில் வேலை செய்கிறவர்கள், ஒருத்தரும் இல்லை. என் பொஞ்சாதியே பாத்திரம் அனுப்பவில்லை. கஞ்சியில் ஆடை கட்டத் தொடங்கியது. இதில ஊர் முழுக்கக் குடிக்குமா மகன் என்று உம்மா கேட்டது காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது.

நோன்பு திறக்கிற மஃரிபுக்குக் கொஞ்ச நேரம் இருக்கும்போது ஒரு ஆள் வந்தார். கையில் கழுவின பெயின்ட் டின். டின்னின் வாயில் பச்சை இன்னும் ஒட்டியிருந்தது.

"ஊத்துங்க, ஹாஜியார்."

துரத்தியிருப்பேன். ஆனால் அன்றைக்கு என் உம்மாட பேரில் நீட்டப்பட்ட ஒரே பாத்திரம் அதுதான். ஊற்றினேன். நிரப்பி ஊற்றினேன். அவர் கொட்டில் படியில் இருந்துகொண்டார். அவர் நோன்பு பிடித்தவரா என்று அல்லாஹ்தான் அறிவான். பாங்கு சொல்லும்வரை டின்னில் வாய் வைக்கவில்லை. சொன்னதும் இழுத்துக் குடித்தார், சத்தம் போட்டு. தாடியில் வழிந்ததை வழித்து நக்கினார். கிடாரத்துக்கு முன்னாலேயே, அந்தப் பேருக்கு முன்னாலேயே இருந்து குடித்தார்.

"நல்லா இரிக்கி. இறைச்சி கூட. இன்னொருக்கா."

இன்னொருக்கா ஊற்றினேன்.

"எப்பிடிக் குடிக்க ஏலுது ஒனக்கு?"

"நான் கீறினது படம்" என்றார். "இது கஞ்சி. ரெண்டையும் ஒண்டாக் கலந்தது நீங்கெல்லாம்தான்."

சொல்லிவிட்டு என் கையைப் பார்த்தார். நான் இன்னும் நோன்பு திறக்கவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது, பாங்கு சொல்லி இவ்வளவு நேரமாகியும் நானும் அதை வாயில் வைக்கவில்லை. இவர் குடிக்கிறார், பெற்ற மகன் நான் குடிக்கவில்லை. கோப்பையில் அள்ளினேன். பிஸ்மில்லாஹ் சொன்னேன். வாய்க்குக் கொண்டுபோனேன். கறுவா வாசம் வந்தது, தேங்காய்ப்பால் வாசம் வந்தது, அதோடு சேர்ந்து சாரமும் இலையானும் முக்குகிற சிவப்பும் வந்தது. புழுவிலும் குடலிலும் ஒரு நாளும் புரளாத வயிறு அடியிலிருந்து மேலே ஏறியது. கோப்பை கையிலிருந்து விழுந்தது. கிடாரத்தின் விளிம்பை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தபடி குனிந்தேன். உள்ளங்கைக்குக் கீழே அந்த எழுத்துக்கள் சூடாக இருந்தன.

பெயின்டர் டின்னைப் படியில் வைத்தார். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். மடியிலிருந்து ஒரு துண்டு சிமென்ட் பைக் கடதாசி. நாயைப் பார்த்த அதே கண்ணால் என்னைப் பார்த்தார்.

"அந்த வாயை மட்டும் கொஞ்சம் அப்பிடியே வெச்சிரிங்க, ஹாஜியார்" என்றார்.